குணம் என்ற சொல்

பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு ஒரு தீபாவளி மலருக்கு நான் ஒரு சிறுகதை எழுதிக் கொடுத்தேன். ஆறு வயதாகியும் பேச்சு வராத பையன் ஒருவன். அவனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிற தாய். கடைசியில் மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு கிழ வைத்தியர். அவர் தினமும் ஏதோ பச்சிலைச் சாற்றைப் பையனின் நாக்கில் தடவி, அவனைத் தோட்டத்தில் சுற்றவிடுகிறார். ஒரு மண்டலம் முடிகிற அன்று, கிணற்றடியில் நிற்கும் தாயைப் பார்த்துப் பையன் "அம்மா" என்கிறான். அவ்வளவுதான் கதை.

அதற்கு வந்த கடிதங்களைப்போல் நான் எழுதிய வேறு எதற்கும் வந்ததில்லை. படித்துவிட்டு அழுதேன் என்று எழுதியவர்களே அதிகம். எழுத்தாளனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு மாதம் கொஞ்சம் கர்வத்தோடுதான் நடமாடினேன்.

தை மாதத்தில் ஒருநாள் காலையில் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். கூட ஏழெட்டு வயதுப் பையன். அவர் தம் பையிலிருந்து என் கதையை எடுத்தார். மலரிலிருந்து அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்து, நாலாக மடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"அந்த வைத்தியர் எந்த ஊர்ல இருக்காருங்கய்யா?" என்று கேட்டார்.

"அது கதை அம்மா. அப்படி ஒருவர் இல்லை" என்றேன்.

அவர் நம்பவில்லை. "கதைதாங்கய்யா. ஆனா யாரையாச்சும் பாத்துத்தானே எழுதியிருப்பீங்க? பேரை மாத்திப் போட்டிருப்பீங்க. ஊர் மட்டும் சொல்லுங்க. நான் போய் விசாரிச்சுக்கறேன்."

எனக்கு வாயடைத்துவிட்டது. அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. சித்த மருத்துவம் பார்த்தாயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் டவுனுக்கு வந்துபோகும் ஹோமியோபதி டாக்டரிடம் இரண்டு வருஷம் காட்டியாயிற்று. பாலை நிறுத்தி, கோதுமையை நிறுத்தி, எண்ணெய்த் தாரை விட்டுப் பார்த்தாயிற்று. இப்போது என்னிடம் வந்திருக்கிறார். வெறும் காபியும், திரும்பிப் போக பஸ் செலவும் கொடுத்து அவரை அனுப்பிவைத்தேன். பஸ் செலவை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று முதல் இந்த ரகக் கதைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். ஆட்டிசம் என்று சொல்கிறோமே, அது உள்ள குழந்தைகள் குணமான வரலாறுகள். வைத்திய விஷயத்தில் அபிப்பிராயம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் படிக்காதவன் நான். ஆனால் ஒரு கதை எப்படிக் கட்டப்படுகிறது என்பது எனக்குத் தெரியும். அது என் தொழில். இந்த வரலாறுகள் முதலில் கதைகள். வைத்தியமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே கதைக்காரன் ஒருவன் அவற்றைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வரிசையில் ரொம்பப் பிரசித்தமான புஸ்தகம் ஏமி லான்ஸ்கி என்ற அமெரிக்கப் பெண்மணி 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இம்பாஸிபிள் க்யூர்'. நடக்கவே முடியாத குணம் என்று தலைப்புக்கு அர்த்தம் சொல்லலாம். ஆசிரியை சாமானியமானவர் அல்ல. கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். நாஸாவின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய இளைய மகனுக்கு மூன்று வயது ஆகும்போது பேச்சு சரியாக இல்லை. ஆட்டிசத்தின் அடையாளங்கள் இருந்தன. ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்துவிட்டு ஹோமியோபதிக்குப் போகிறார். கார்ஸினோஸின் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது; புற்றுநோய்த் திசுவிலிருந்து எடுத்து, வீரியப்படுத்தித் தயாரிக்கும் மருந்து அது. பையன் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறுகிறான். தாய் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு ஹோமியோபதி கற்றுக்கொள்கிறார். புஸ்தகத்தின் பெரும்பகுதி அந்த வைத்தியத்தின் சரித்திரமும் தத்துவமும், மற்றவர்கள் குணமான கதைகளும்தான்.

இந்த அம்மாள் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. புஸ்தகத்தைப் படித்தவர்கள் யாரும் அப்படி நினைக்கமாட்டார்கள். கண்ணால் கண்ட மாற்றத்தைத்தான் எழுதியிருக்கிறார். கண்டதற்குக் காரணம் சொல்லும் இடத்தில்தான் கதை உள்ளே புகுந்துகொள்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு சூட்சுமம் உண்டு. 'கதவைத் தட்டினான், உள்ளே விளக்கு எரிந்தது' என்று நான் எழுதினால், தட்டியதால்தான் விளக்கு எரிந்தது என்று வாசகர் தாமே எடுத்துக்கொள்வார். 'அதனால்' என்ற சொல்லை நான் எழுத வேண்டியதே இல்லை. இரண்டு வாக்கியத்தை அடுத்தடுத்து வைத்துவிட்டால் போதும். உள்ளே இருந்தவள் விளக்கு ஏற்றும் நேரம் அதுவாகவே இருந்திருக்கலாம் என்று யாரும் யோசிப்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். பனம்பழம் விழுந்தது உண்மை. காக்கை உட்கார்ந்ததும் உண்மை.

ஆட்டிசக் குழந்தையின் விஷயத்தில் இந்தச் சூட்சுமம் இன்னும் சுலபமாகப் பலித்துவிடுகிறது. அந்தக் குழந்தைகளும் வளர்கிறவர்கள்தான். மூன்று வயதில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் இருந்து, ஐந்து வயதில் எந்த மருந்தும் இல்லாமலே பேசத் தொடங்குகிறவர்கள் உண்டு. கடைசிவரை பேசாதவர்களும் உண்டு. ஒரு மாதம் ஏற்றம், ஒரு மாதம் இறக்கம். நாமோ ரொம்ப மோசமான நாளில்தான் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். ரொம்ப மோசமான நாளுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல நாளாகத்தான் இருக்கும். அந்த நல்ல நாளின் பெருமை கையில் இருக்கும் மருந்துக்குப் போய்விடுகிறது. அதே மருந்தை அதே அளவில் சாப்பிட்டும் மாறாத குழந்தைகளின் தாய்மார் புஸ்தகம் எழுதுவதில்லை. அவர்கள் விருதுநகர்ப் பக்கத்தில் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.

இது வெறும் அநுமானம் என்று யாராவது சொல்லலாம். அவர்களுக்காக ஒரு சம்பவம். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் மூன்று ஆட்டிசக் குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வயிற்றுக் கோளாறுக்கான பரிசோதனைக்காக அவர்களுக்கு ஸெக்ரெடின் என்ற ஹார்மோனை ஊசி வழியாகச் செலுத்தினார்களாம். சிறுகுடலில் சுரக்கும் சாதாரணப் பொருள் அது. ஊசிக்குப் பிறகு மூன்று பேரிடமும் பேச்சிலும் பார்வையிலும் முன்னேற்றம் தெரிந்ததாம். செய்தி டெலிவிஷனில் வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். 1999-இல் அறுபது குழந்தைகளை எடுத்துக்கொண்டு பரிசோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஸெக்ரெடின். பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது. குழந்தையைப் பார்த்து மதிப்பெண் போட்டவர்களுக்கும் தெரியாது. முடிவு என்ன? ஸெக்ரெடின் பெற்ற குழந்தைகள் முன்னேறினார்கள். உப்புத் தண்ணீர் பெற்ற குழந்தைகளும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினார்கள்!

இதற்கு மேல்தான் எனக்கு ஆச்சரியம். ஊசியில் ஒன்றும் இல்லை என்று பெற்றோரிடம் எடுத்துச் சொன்ன பிறகும், அவர்களில் 100-க்கு 69 பேர் அந்த ஊசி தங்கள் குழந்தைக்கு வேண்டும் என்ற விருப்பத்தை விடவில்லை. இதைப் படித்தபோது அவர்களை முட்டாள்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. "பேரை மாத்திப் போட்டிருப்பீங்க" என்ற குரல்தான் காதில் விழுந்தது.

இனி ஹோமியோபதி. ஜெர்மானியரான ஹானிமன் 1796-இல் ஒரு கட்டுரையில் ஆரம்பித்து, 1810-இல் 'ஆர்கனான்' என்ற நூலில் விரித்துரைத்த வைத்தியம் அது. எது ஆரோக்கியசாலிக்கு நோய்க்குறியை உண்டாக்குமோ, அதுவே அந்தக் குறியுள்ள நோயாளியைக் குணப்படுத்தும் என்பது ஒரு கொள்கை. நீர்க்க நீர்க்க வீரியம் கூடும் என்பது இன்னொன்று. ஒரு துளி மருந்தில் தொண்ணூற்றொன்பது துளி திரவம் சேர்த்துக் குலுக்க வேண்டும். அதில் ஒரு துளி எடுத்து மறுபடியும் தொண்ணூற்றொன்பது துளி. இப்படி முப்பது தடவை செய்தால் கடையில் கிடைக்கும் முப்பதாவது வீரியம். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே முதல் பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிச்சமிருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள். ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் 61 வகை உடல்நலக் கோளாறுகளைப் பற்றிய 176 ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, எந்த ஒரு கோளாறுக்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்று நம்பத்தக்க ருசு இல்லை என்று 2015-இல் அறிவித்தது.

இத்துடன் விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் ஒரு நாவலாசிரியனால் ஹோமியோபதியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர்களுடைய மருந்துக் குணபாடத்தைப் படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அது மருந்துப் பட்டியலே அல்ல, பாத்திரப் படைப்பு. பல்ஸாடில்லா என்றால் மெல்லிய சுபாவம், எளிதில் அழுகை, தாகம் எடுக்காது, பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். நக்ஸ் வாமிகா என்றால் முன்கோபம், பரபரப்பு, எதிலும் அவசரம். காமோமில்லா என்றால் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தால்தான் அழுகையை நிறுத்தும் குழந்தை. எத்தனை உபந்நியாசங்களிலும் சொல்லிக்கொடுக்காத பாத்திர இலக்கணம் அதில் இருக்கிறது!

அந்த வைத்தியர் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான். குழந்தை எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறது? எத்தனை மணிக்கு விழித்துக்கொள்கிறது? உப்பு பிடிக்குமா, இனிப்பு பிடிக்குமா? இடிக்குப் பயப்படுமா? கர்ப்பமாக இருந்தபோது உங்களுக்கு ஏதாவது துக்கம் நேர்ந்ததா? பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நிமிஷத்தில் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இங்கே ஒரு மணி நேரம் ஒருவர் எதிரே உட்கார்ந்து, இந்தக் குழந்தை எப்படிப்பட்டது என்று கேட்கிறார். குழந்தை பிறந்ததிலிருந்து அந்தத் தாயிடம் யாரும் கேட்காத கேள்வி அது. 'என்ன கோளாறு?' என்றுதான் எல்லாரும் கேட்டார்கள், 'எப்படிப்பட்டவன்?' என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

இங்கிலாந்தில் மூட்டுவாதக்காரர்கள் 83 பேரை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. சிலருக்கு ஹோமியோபதி மருந்தோடு வைத்தியரின் நீண்ட பேச்சும் கிடைத்தது. சிலருக்கு வெறும் சர்க்கரையோடு அதே பேச்சு. சிலருக்குப் பேச்சே இல்லாமல் மருந்து மட்டும். பலன் தெரிந்தது பேச்சுக்கு. மருந்துக்கு அல்ல. மூட்டுவாதத்தையும் ஆட்டிசத்தையும் ஒன்றாக்க நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதில் தெரிகிறது. முழு மனிதனையும் பார்த்து வைத்தியம் செய்வதாகச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அப்படிப் பார்த்துவிட்டு, அந்தப் பார்வையின் பலனைச் சர்க்கரை உருண்டையின் பேரில் எழுதிவைப்பதுதான் பிசகு. உருண்டைக்குப் பேர் போனால், நாளைக்கு உருண்டையை மட்டும் விற்பதற்கு ஒருவன் வருவான். வந்துவிட்டான்.

'சர்க்கரை உருண்டையால் என்ன கெடுதல் வந்துவிடும்? மனத் திருப்திக்குச் சாப்பிடட்டுமே' என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். உருண்டையால் கெடுதல் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். உருண்டையோடு ஒரு கதையும் சேர்ந்து வருகிறதே! உன் குழந்தை கெட்டுப்போனதற்கு ஒரு விஷம் காரணம். அந்த விஷத்தை எடுத்துவிட்டால் பழைய குழந்தை திரும்பி வரும் என்ற கதை. ஹாலந்து தேசத்து ஹோமியோபதி வைத்தியர் டினுஸ் ஸ்மிட்ஸ் உண்டாக்கிய 'ஸீஸ்' என்ற முறை இந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது. தடுப்பூசியும் மருந்துகளுமே பெரும்பாலும் காரணம். அவற்றையே வீரியப்படுத்திக் கொடுத்து உள்ளிருக்கும் நஞ்சை அகற்ற வேண்டும் என்பது அது. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று இங்கிலாந்தில் 2018-இல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு அந்த வைத்தியர்களுக்குத் தாக்கீது அனுப்ப வேண்டியிருந்தது. தடுப்பூசிக் கதையின் மூலமோ 12 குழந்தைகளைப் பற்றி 1998-இல் வெளிவந்த ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட 'லான்ஸெட்' பத்திரிகையே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் அந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் காணப்படவில்லை.

விஷத்தை எடுக்கும் கதையை நம்பியவர்கள் எல்லாரும் உருண்டையோடு நின்றுவிடுவதில்லை. 2005-இல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஐந்து வயது ஆட்டிசப் பையன் ஒருவனுக்கு, உடம்பிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். ரத்தத்தில் இருந்த சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போய் அந்தக் குழந்தை இறந்துவிட்டது. அவன் தாய் தகப்பனும் குழந்தையை நேசித்தவர்கள்தான். எந்தக் கதையை நம்பினார்களோ, அந்தக் கதையை எழுதியவர்களுக்கு இதில் பங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? நான் இதைக் கேட்கும்போது என்னையும் சேர்த்துத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் புஸ்தகங்களில் எழுத்துத் திறனில் மேலானது ரூபர்ட் ஐஸக்ஸன் 2009-இல் வெளியிட்ட 'தி ஹார்ஸ் பாய்'. ஆசிரியர் பிரயாண நூல்கள் எழுதியவர், டெக்ஸாஸில் குடியிருந்தவர். ஓயாமல் வீறிட்டு அலறும் அவருடைய மகன் பக்கத்து வீட்டுக் குதிரையிடம் போனால் மட்டும் அமைதியாகிறான். 2007-இல் தாயும் தகப்பனும் ஐந்து வயதுப் பையனை அழைத்துக்கொண்டு மங்கோலியாவுக்குப் போகிறார்கள். குதிரை மேல் புல்வெளிகளைத் தாண்டி, மலை ஏறி, கலைமான் வளர்க்கும் ஜனங்களின் பூசாரியிடம் போய்ச் சேர்கிறார்கள். பூஜைகள் நடக்கின்றன. திரும்பி வரும்போது பையனின் அலறல் குறைந்திருக்கிறது, மலஜலம் கழிக்கப் பழகிவிட்டான், சிநேகிதர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

ஐஸக்ஸன் யோக்கியமான எழுத்தாளர். மகனுடைய ஆட்டிசம் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. அவனை வதைத்துக்கொண்டிருந்த சில உபாதைகள் தீர்ந்தன. ஆனால் அவன் ஆட்டிசக்காரனாகத்தான் இருக்கிறான் என்று வித்தியாசப்படுத்திச் சொல்கிறார். அப்படியிருந்தும் படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது எது? மலையுச்சியும் பூசாரியும்தான். காரணம், புஸ்தகத்தின் கட்டுக்கோப்பு அப்படி. தொலைதூரப் பயணம், இடையூறுகள், சிகரம், பிரசாதம், திரும்புதல். நம் தலபுராணங்களின் கட்டுக்கோப்பும் அதுதானே? இந்தக் கட்டுக்கோப்பை எடுத்துக்கொண்ட பிறகு, 'குணமாகவில்லை' என்று ஆசிரியர் ஒரு வாக்கியம் எழுதினால் அது காதில் விழாது. உருவம் சொல்வதை வாக்கியத்தால் மறுக்க முடியாது. என் கதையும் இந்த உருவம்தான் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள்.

பூசாரியை எடுத்துவிட்டு அந்தப் புஸ்தகத்தை மறுபடியும் படித்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் வேறு வேலை இல்லாமல் வாரக்கணக்கில் பையன் கூடவே இருக்கிறார்கள். நாள் முழுவதும் வெட்டவெளி. அவனுக்குப் பிடித்த குதிரை. 'சும்மா இரு' என்று சொல்லும் அண்டை வீட்டார் யாரும் இல்லை. குதிரையேற்றத்தைப் பற்றி 2015-இல் அமெரிக்காவில் முறைப்படி ஒரு பரிசோதனையை வெளியிட்டிருக்கிறார்கள். குதிரை ஏறிய ஆட்டிசக் குழந்தைகளிடம், லாயத்து வேலைகளை மட்டும் கற்றுக்கொண்ட குழந்தைகளைவிட எரிச்சலும் அமைதியின்மையும் குறைந்தன. குணம் அல்ல, நிம்மதி. நிம்மதி சின்ன விஷயமா? அதைச் சின்ன விஷயமாக நினைக்கும்படி செய்தது குணக் கதைகள்தான்.

நான் சிபாரிசு செய்யும் புஸ்தகம் இவற்றைவிடப் பழையது. கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்ற ஆங்கில ஆசிரியை 1967-இல் எழுதிய 'தி ஸீஜ்'. முற்றுகை என்று பொருள். தம் மகளின் முதல் எட்டு வருஷங்களை எழுதியிருக்கிறார். அதே 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இதே விஷயத்தைப் பற்றி எழுதிய நூலின் பெயர் 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்', ஆளில்லாக் கோட்டை. ஒரே வருஷத்தில் இரண்டு பேருக்கும் கோட்டைதான் ஞாபகம் வந்திருக்கிறது! தாயின் அன்பு வறண்டதால் குழந்தை கோட்டைக்குள் ஒடுங்கிவிட்டது என்பது பெட்டல்ஹைமின் வாதம். எத்தனையோ தாய்மாரின் மனத்தைப் புண்படுத்திய அந்த வாதம் பிற்பாடு பொய்யென்று தள்ளுபடியாயிற்று. கோட்டைக்குள் ஆள் இருக்கிறது என்று தெரிந்தவர் வெளியே காத்து நின்ற தாய்.

பார்க் அம்மாளின் புஸ்தகத்தில் சிகரமே கிடையாது. எந்த அத்தியாயத்திலும் குழந்தை திடீரென்று 'அம்மா' என்று கூப்பிட்டு நம்மை அழவைப்பதில்லை. மிகச் சின்ன ஒரு காரியத்துக்காக மாதக்கணக்கில் பிரயத்தனம். அது பலித்த அடையாளமும் பலிக்காத அடையாளமும் அப்படி அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. 2001-இல் அவரே இரண்டாவது புஸ்தகம் எழுதினார். அந்தப் பெண் அதற்குள் நாற்பது வயதைத் தாண்டிவிட்டாள். ஒரு கல்லூரியின் தபால் அறையில் வேலை செய்கிறாள், கட்டடங்களைப் பளிச்சென்ற வண்ணங்களில் சித்திரமாக எழுதுகிறாள், ஆட்டிசக்காரியாகவே இருக்கிறாள். குணமானாளா என்ற கேள்வியே அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எழுவதில்லை. ஒரு மனுஷியைப் பற்றி அறிந்துகொண்டோம் என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. நல்ல நாவல் படித்தாலும் அதுதானே மிஞ்சுகிறது?

பார்க் அம்மாளின் உவமையிலும் ஒரு குறை உண்டு. கோட்டை என்று சொல்லிவிட்டால், மதில் வேறு, உள்ளே இருக்கும் ஆள் வேறு என்று ஆகிவிடுகிறது. மதிலை இடித்தால் சாதாரணக் குழந்தை ஒன்று வெளியே ஓடிவரும் என்ற ஆசை வந்துவிடுகிறது. ஜிம் ஸின்க்ளேர் என்ற ஆட்டிசக்காரர் 1993-இல் எழுதிய சிறு கட்டுரையில் பெற்றோரைப் பார்த்து இதை மறுத்தார். ஆட்டிசத்துக்குப் பின்னால் வேறொரு குழந்தை ஒளிந்திருக்கவில்லை, நீங்கள் எதிர்பார்த்த குழந்தைக்காகத் துக்கப்பட்டுக்கொண்டு, வந்திருக்கும் குழந்தையைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். நம் தமிழில் இதற்கு 'மன இறுக்கம்' என்று பேர் வைத்தார்களே, அதுவும் கோட்டையின் தங்கைதான். இறுகியது என்றால் தளர்த்தலாம் என்று தோன்றுகிறது. முடிச்சு என்றால் அவிழ்ப்பவன் எங்கே என்று தேடச் சொல்கிறது. பேர் வைக்கும்போதே பாதிக் கதையை எழுதிவிடுகிறோம்.

முழு மனிதனையும் பார்க்கும் வைத்தியம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் வைத்தியத்துக்கு வெளியே இருக்கிறது. 1943-இல் லியோ கானர் என்ற டாக்டர் பதினோரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் என்பது தனியாக அடையாளம் காணப்பட்டது. அதில் முதல் குழந்தை டொனால்டு. 1942-இல் மிஸிஸிப்பி மாகாணத்தில் ஒரு விவசாயத் தம்பதியிடம் அந்தப் பையனைக் கொண்டுபோய் விட்டார்கள். எதையும் அளந்துகொண்டே இருப்பது அவன் பித்து. அவர்கள் அவனைக் கிணறு வெட்டச் சொல்லி, ஆழம் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தான். உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கானர் பார்க்கப் போனபோது அந்தப் பையன் குதிரையையும் ஏரையும் பிடித்து ஆறு நீள வரிசை உழுது காட்டினானாம். பிற்காலத்தில் அவன் கல்லூரியில் படித்து, பாங்கியில் வேலை பார்த்து, சொந்த ஊரிலேயே வாழ்ந்து, 2023-இல் தன் 89-ஆம் வயதில் காலமானான். பண்ணைதான் அவனை இப்படி ஆக்கியது என்று நான் சொன்னால், மேலே எழுதியதெல்லாம் வீண். அவன் அப்படியேதான் வளர்ந்திருப்பானோ என்னவோ. ஆனால் அந்தத் தம்பதிகள் அவனைக் குணப்படுத்துவதாக யாரிடமும் சொல்லவில்லை. அவன் எண்ணுகிறவன் என்பதைக் கண்டார்கள். எண்ணுவதற்கு வேலை கொடுத்தார்கள்.

தமிழில் குணம் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நோய் நீங்குவதும் குணம். ஒருவனுடைய சுபாவமும் குணம். குழந்தையின் குணத்தை அறிந்துகொள்வதற்கு முன்னால் அதற்குக் குணமாக வேண்டும் என்று அலைகிறோம். இந்த நூல்களில் நல்லதும் கெட்டதும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. முதல் அர்த்தத்தைத் தேடிப் போனவை கதையாக முடிந்தன. இரண்டாவதைத் தேடிப் போனவை இலக்கியம் ஆயின.

அந்த அம்மாள் இன்று வந்தால், காபியோடு இன்னும் சிலவும் சொல்வேன். ஆட்டிசம் என்பது மூளை வளர்கிற விதம். உங்கள் தவறால் வந்தது அல்ல. மருந்தால் கரைவதும் அல்ல. வலிப்பு, தூக்கமின்மை, வயிற்று வலி ஆகியவை இருந்தால் அவற்றுக்கு டாக்டர் உண்டு; காட்டுங்கள். வாயால்தான் பேச வேண்டும் என்பதில்லை. படத்தைக் காட்டியும் சைகையிலும் கேட்கக் கற்றுக்கொடுக்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. சான்றிதழ் வாங்குங்கள், பள்ளிக்கூடத்தில் இடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறவர் ஹோமியோபதி டாக்டராகவே இருந்தாலும் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்; ஆனால் விஷத்தை எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

சென்ற வருஷம் என் சிறுகதைத் தொகுதி மறுபதிப்புக்கு வந்தபோது அந்தக் கதையை எடுத்துவிடச் சொன்னேன். "உங்க கதையிலே எல்லாருக்கும் பிடிச்சது அதுதானே சார்?" என்று பதிப்பாளர் வருத்தப்பட்டார். பிடித்துப்போனதால்தான் எடுக்கச் சொன்னேன்.

அன்று நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பையன் எங்கள் வாசல் கேட்டின் தாழ்ப்பாளை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தான். ஒவ்வொரு தடவையும் காதைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்பான். புறப்படும் சமயத்தில் நான் பொறுமையிழந்து, "தம்பி, விடப்பா, அம்மா கூப்பிடறாங்க பாரு" என்றேன். அந்த அம்மாள் கையை அமர்த்தினார்.

"இன்னும் நாலு தடவைதாங்கய்யா. நாப்பது ஆனதும் அவனே வந்திருவான்."

நாற்பதாவது தடவை தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டுப் பையன் வந்து, தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள்.

அந்த அம்மாளுக்குத் தெரிந்தது என் கதையில் வரும் தாய்க்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவன் பேர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை.